காசு கேட்காத கருவி, கழுத்தறுக்கும் படிவம்!

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர். பார்வையற்ற வாலிபர் ஒருவர் வேலைக்கு மனு போட வந்தார். "கண்ணு தெரியாம எப்படிப்பா கம்ப்யூட்டர் பாப்பே?" என்று கேட்டார் கடைக்காரர். வாலிபர் பேசவில்லை. பென் டிரைவை எடுத்துச் சொருகினார். கம்ப்யூட்டர் பேச ஆரம்பித்தது! கடைக்காரர் வாயடைத்துப் போனார்.

அதன் பெயர் 'என்.வி.டி.ஏ.' திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும். தமிழும் படிக்கும். 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் ஆரம்பித்தது. நண்பர் ஜேம்ஸ் தே கை கொடுத்தார். ரெண்டு பேருக்குமே பார்வை கிடையாது! விலை? சல்லிக்காசு இல்லை.

சரி, மனு போட்டாரா? அங்கேதான் வினை. படிவம், தமிழில் அடித்து ஸ்கேன் பண்ணின வெறும் படம். கம்ப்யூட்டர் கப்சிப்! பழைய எழுத்துருவில் அடித்த பைலாக இருந்தாலோ, புரியாத உளறல்தான். வாலிபர் வந்த வழியே திரும்பினார்.

யூனிகோடில் அடிக்கச் சொல்லி தமிழக அரசு உத்தரவு போட்டது 2010-ல். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016-ல். இன்னும் என்ன தயக்கம்? அதிகாரிகளே, ஸ்கேன் பண்ணுவதற்கு முன்னால் டைப் அடித்தீர்களே, அந்த பைலையே போடுங்களேன்! பைசா செலவில்லை.