முதலில் நீண்ட கை



கப்பல் சரக்கோடு சில வேளை நோயையும் சுமந்துவரும் என்பதைத் துறைமுகத்தை அண்டி வாழும் இராயபுரத்தாராகிய நாம் அறிவோம். 1896-இல் பம்பாய்த் துறைமுக நகரில் பிளேக் பரவியது. மக்கள் ஊரைவிட்டு ஓடினர். கல்கத்தாவில் காலராத் தடுப்பூசிப் பணியிலிருந்த ஹாஃப்கின் என்னும் யூத அறிஞரை ஆங்கில அரசு அங்கே அழைத்தது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் இரவு பகலாக உழைத்துத் தடுப்பு மருந்து கண்ட அவர், 1897 ஜனவரி 10-இல் அதனை முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார்.

ஆயினும் மக்களின் அச்சம் நீங்கவில்லை. அப்போது இஸ்மாயீலி சமூகத்தின் இளந்தலைவரான மூன்றாம் ஆகா கான், தம் மக்கள் காணத் தாமே ஊசி போட்டுக்கொண்டார். அதன் பின்னரே அவர்களுள் பலர் துணிந்து முன்வந்தனர்.

நோயை இறக்கிய அல்லாஹ் அதற்கு மருந்தையும் இறக்கியுள்ளான் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் போதனை. எனவே மருந்தை நாடுவது தவக்குலுக்கு முரணன்று. அதனைத் தருபவர் எச்சமயத்தவர் என்று பார்ப்பதும் முறையன்று.

போலியோ சொட்டு மருந்துக்குத் தயங்கும் வீடு நம் தெருவில் இருப்பின், அறிவுரையோடு நின்றுவிட வேண்டாம். நம் வீட்டுக் குழந்தையை முதலில் தூக்கிச் செல்வோம். அண்டை வீட்டார் நம் பேச்சைவிடச் செயலையே நம்புவர்.