ஆய்வகத்திடமா வரி வசூல்?

வீட்டு மாடியில் வைக்கும் சோலார் தகட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அந்தத் தகடுகள் ஒரு தெருவின் டிரான்ஸ்பார்மரை என்ன செய்கின்றன என்று அளந்து பார்க்க உதவும் அலைக்காட்டிக்கு 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் விகிதங்கள் மாற்றியமைக்கப்பட்டபோது ஏ.சி.க்கும் பெரிய டி.வி.க்கும் சிறிய காருக்கும் வரி இறங்கியது. நல்லதுதான். ஆனால் 2022 ஜூலை 18 அன்று பல்கலைக்கழக ஆய்வகங்களிடமிருந்து பறித்த 5 சதவீதச் சலுகை திரும்பவில்லை. மூன்றாண்டுக்கு மேல் காத்திருந்தவர்களை யாரும் நினைத்துப் பார்த்ததாகவே தெரியவில்லை.

அந்தச் சலுகை பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. அரசு நிதியில் இயங்கும் ஆய்வு நிறுவனமோ பல்கலைக்கழகமோ ஐஐடியோ ஆராய்ச்சிக்கென ஒரு கருவி வாங்கினால், ‘இது ஆய்வுக்கு மட்டுமே’ என்று நிறுவனத் தலைவர் சான்றளிப்பார். 5 சதவீதம் கட்டினால் போதும். உள்நாட்டுக் கருவிக்கும் அது பொருந்தியது, இறக்குமதிக்கும் பொருந்தியது. விலக்குகளைக் குறைத்து விகிதங்களைச் சீராக்குகிறோம் என்று சொல்லி அதை நீக்கினார்கள். விலக்குகள் பெருகினால் வரி முறை குழம்பும் என்பது உண்மைதான். ஆனால் வெட்டும்போது களை எது, நாற்று எது என்று பார்த்து வெட்ட வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு கோடி ரூபாய் விலையுள்ள ஒரு கருவி. மின்கட்டமைப்பு ஆய்வில் இது மிகையான தொகை அல்ல. ஒரு நகரத்தின் மின்வலையை அப்படியே கணினிக்குள் ஓடவைத்து, அதோடு உண்மையான இன்வெர்ட்டரையோ ரிலேயையோ இணைத்துச் சோதிக்கும் நிகழ்நேர சிமுலேட்டர்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வருகின்றன. பழைய விகிதத்தில் வரி 5 லட்சம். இப்போது 18 லட்சம். கூடுதலாகப் போகும் 13 லட்சம் எங்கிருந்து வரும்? திட்ட நிதி முன்பே வகுத்து ஒப்புதல் பெற்றது. வரி ஏறியதற்காக அது ஏறாது. ஜேஆர்எஃப் பெறும் ஓர் ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய். 13 லட்சம் என்பது 35 மாத உதவித்தொகை. ஒரு கருவியின் கூடுதல் வரியில் ஓர் ஆய்வாளரின் ஏறக்குறைய மூன்றாண்டு கரைகிறது.

இதைவிட நெஞ்சைச் சுடுவது இன்னொன்று. ஒரு தனியார் நிறுவனம் இதே கருவியை வாங்கினால், கட்டிய வரியைத் தான் விற்கும் பொருளுக்கான வரியில் கழித்துக்கொள்ளலாம். கல்விச் சேவைக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால் பல்கலைக்கழகத்துக்குக் கழிக்க எதுவுமே இல்லை. முழுச் சுமையும் அதன் தலையில்தான். லாபத்துக்காக ஆராய்பவருக்கு வரி திரும்புகிறது. ஊருக்காக ஆராய்பவருக்குத் திரும்புவதில்லை. அரசு ஒரு கையால் கொடுத்த ஆய்வு நிதியை இன்னொரு கையால் எடுத்துக்கொள்கிறது. இதனால் கஜானாவுக்குப் பெரிதாக என்ன சேர்ந்துவிடப்போகிறது?

மின்பொறியியலில் பிஎச்.டி. செய்பவர்களிடம் பேசிப் பாருங்கள். கணினியில் மாதிரி ஓட்டி, வரைபடம் எடுத்து, கட்டுரை எழுதி அனுப்பினால், மதிப்பீட்டாளர் கேட்கும் முதல் கேள்வி ‘ஹார்டுவேர் ரிசல்ட் எங்கே?’ என்பதுதான். கருவி இல்லாதவரிடம் அதற்குப் பதில் இல்லை. தன் கல்லூரியில் இல்லாததை வேறொரு நிறுவனத்தில் இரவல் கேட்டு, நேரம் ஒதுக்கக் காத்திருந்து, பேருந்தேறிப் போய் இரண்டு நாள் அளந்துவிட்டு வருகிறார். நெறியாளரும் பாவம், நிதிக்குத் தக்கபடி ஆய்வைச் சுருக்கச் சொல்கிறார். ஐஐடிகளுக்காவது முன்னாள் மாணவர்களின் நன்கொடை, தொழில் நிறுவனங்களின் நிதி என்று வேறு வாசல்கள் உண்டு. மாநிலப் பல்கலைக்கழகத்தின் மின்பொறியியல் துறைக்கு அவை எளிதில் திறப்பதில்லை. 2022 ஜூலையில் ஃபெல்லோஷிப்போடு சேர்ந்தவருக்கு ஐந்தாண்டு உதவித்தொகை 2027 ஜூலையில் முடிகிறது. அவருடைய ஆய்வுக் காலம் முழுவதும் இந்த 18 சதவீதத்தின் கீழேயே கழிந்துகொண்டிருக்கிறது.

இது ஏதோ நான்கு சுவருக்குள் நடக்கும் படிப்பு விவகாரம் அல்ல. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. ஒரு கோடி வீடுகளின் மாடியில் சோலார் வைக்கத் திட்டம், 25 கோடி ஸ்மார்ட் மீட்டர் பொருத்த இலக்கு, தெருவுக்குத் தெரு மின்வாகனம் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வருகின்றன. நண்பகலில் ஒரு தெருவின் மாடிகள் எல்லாம் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பினால் அந்தக் கம்பியில் மின்னழுத்தம் ஏறும். எல்லை தாண்டினால் இன்வெர்ட்டர்கள் தாமாகவே கழன்றுகொள்ளும். இரவு ஏழு மணிக்கு எல்லா ஸ்கூட்டரும் சார்ஜில் நின்றால் அதே டிரான்ஸ்பார்மர் திணறும். ஒரு டிரான்ஸ்பார்மர் எத்தனை மாடிகளைத் தாங்கும், எந்த நொடியில் எதைத் துண்டிக்க வேண்டும் என்பதையெல்லாம் இந்த ஊரின் கம்பியில், இந்த ஊரின் வெயிலில் அளந்துதான் சொல்ல முடியும்.

அளக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருண்டபோது தெற்கு தப்பியது, நம் மின்வலை தனி இயக்கத்தில் இருந்ததால். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை நம்மை நாட்டின் மற்ற பகுதியோடு ஒரே துடிப்பில் இணைத்துவிட்டது. அந்தப் பழைய காப்பு இனி நமக்கு இல்லை. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் நட்டநடுப் பகலில் மின்சாரம் இழந்தன. கட்டுமீறி ஏறிய மின்னழுத்தம் அங்கே ஒன்றன்பின் ஒன்றாக மின்நிலையங்களைக் கழற்றிவிட்டது. நம்மைவிடக் கருவியும் ஆய்வும் மிகுந்த நாடுகள் அவை.

ஆய்வகச் சலுகையை நீக்கிய ஜிஎஸ்டி கவுன்சில் இப்படி இடறுவது முதல் முறையும் அல்ல. 2021 அக்டோபரில் சோலார் தகட்டுக்கு 5 சதவீதத்தை 12 ஆக்கினார்கள். நாடே மாடிக்கு மாடி சோலார் என்று பேசிய ஆண்டுகளில் அது அப்படியே நீடித்து, நான்காண்டு கழித்து மீண்டும் 5 ஆனது. இடையில் கூடுதலாகக் கொடுத்தவர்களுக்கு யார் பதில் சொன்னார்கள்? 2022 ஜூலையில் ஆய்வகங்களை அடித்த அதே கையெழுத்து, எல்இடி விளக்கின் வரியை 12-இலிருந்து 18 ஆக்கியது. சோலார் வாட்டர் ஹீட்டரின் வரியை 5-இலிருந்து 12 ஆக்கியது. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பொருள்களாகத் தேடிப் பிடித்ததுபோல ஒரே நாளில் மூன்று அடி.

2024 ஆகஸ்டில் நடந்தது இன்னும் மோசம். ஆய்வு நிதிக்கே ஜிஎஸ்டி உண்டு என்று சொல்லி டெல்லி ஐஐடியிடம் 120 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் போனது. எதிர்ப்பு கிளம்பியதும் செப்டம்பர் 9 அன்று பின்வாங்கி, ஆய்வு நிதிக்கு வரி இல்லை என்றார்கள். அப்போதாவது அடுத்த கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். நிதிக்கு வரி இல்லை என்றால், அந்த நிதியில் வாங்கும் கருவிக்கு மட்டும் ஏன்? கேட்கவில்லை. ஓராண்டு கழித்து நூற்றுக்கணக்கான பொருள்களின் விகிதத்தைத் திருத்த உட்கார்ந்தபோதும் கேட்கவில்லை.

இந்த நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம். தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டில் 50,000 கோடி என்று அறிவிக்கிறோம். தனியார் ஆராய்ச்சியை ஊக்குவிக்க ஒரு லட்சம் கோடி என்று அறிவிக்கிறோம். அவ்வளவு பெரிய தொகைகளை எழுதும் பேனாவுக்கு ஒரு பழைய சலுகையை மீட்டு எழுத மை இல்லை என்றால் யார் நம்புவார்கள்? இதைச் செலவுக் கணக்கு என்று நாம் ஏற்கவில்லை. இது அக்கறையின்மை. ஆய்வாளர்கள் சாலையை மறிக்க மாட்டார்கள், கடையடைப்பு நடத்த மாட்டார்கள் என்ற துணிச்சலில் நீடிக்கும் அக்கறையின்மை.

பழைய சலுகையையே மீட்கலாம். கட்டிய வரியைத் திருப்பித் தரலாம். கருவிகளுக்கென்று வேறு வழி வகுக்கலாம். எப்படிச் செய்வது என்பதை அதிகாரத்தில் இருப்பவர்கள் யோசிக்கட்டும். ஜிஎஸ்டி கவுன்சிலின் அடுத்த கூட்டத்தின் பொருள்பட்டியலில் இது இடம்பெற வேண்டும். அதில் உட்காரும் மாநிலங்களும், தமிழ்நாடும் சேர்த்தே, வாய் திறக்க வேண்டும். 2022-இல் சேர்ந்த ஆய்வாளர்களுக்கு இன்னும் கொஞ்ச காலமே மீதி இருக்கிறது.