கண்ணாடித் தொட்டியும் பூசண நோயும்

பூச்சிகளைப் பிடித்துண்ணும் செடிகளைக் கண்ணாடித் தொட்டியிலிட்டு வீட்டினுள் வளர்ப்போர் சிலர் உளர். அத்தொட்டிகளிற் சாம்பல் நிறப் பூசணம் படர்ந்து செடிகள் அழுகுமாயின் உடனே மருந்தைத் தேடுகின்றனர். இது முறையன்று. மருந்தினும் காற்றோட்டமே முதற்கண் வேண்டப்படுவது.

அழுகண்ணி முதலிய செடிகளுக்கு ஈரம் இன்றியமையாதது; ஆகையால் தொட்டியை மூடியே வைத்தல் வேண்டுமென்பர் சிலர். அச்செடியோ சத்துக் குன்றிய ஈரமணலில், வெயிலும் காற்றும் தடையின்றிப் படும் வெட்டவெளியில் வளர்வது. அதற்கு ஈரம் வேண்டுவது வேரில். தேங்கிய காற்று வேண்டுவதில்லை. அன்றியும், அடையாற்றங்கரையிலுள்ள அனகாபுத்தூர் போன்ற ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகீழ்ப் பருவமழையினால் காற்றிலேயே ஈரம் மிகுந்திருக்கும். அக்காலத்தில் தொட்டியை மூடுவது பூசணத்திற்கு இடங்கொடுப்பதேயாம்.

செய்யத்தக்கவை எளியன. மூடியை அகற்றிக் காலை வெயில் படும்படி வைக்கவேண்டும். பட்ட இலைகளை அவ்வப்போது கிள்ளி அப்புறப்படுத்தவேண்டும். மழைநீரையே வேரடியில் விடவேண்டும். எருவிடலாகாது. இறைச்சித் துண்டுகளையும் அளவிற்கு மிஞ்சிய பூச்சிகளையும் இடுவதும் தவறு. செடி செரிக்கமாட்டாது எஞ்சியது அழுகிப் பூசணத்திற்கு உணவாகும். மயில்துத்தம் சேர்ந்த மருந்துகள் இச்செடிகளுக்குக் கேடு செய்யக்கூடுமாதலின் அவற்றைத் தவிர்த்தல் நலம்.

இது பொழுதுபோக்கு விஷயமென்று தள்ளத்தக்கதன்று. நம் தேசத்தில் இயற்கையாக விளையும் குடுவைச்செடி மேகாலயத்துக் காசி, காரோ மலைப்பக்கத்து இனமொன்றே; அதுவும் அருகிவருகின்றது. வீட்டுத் தொட்டியில் ஒரு செடி அழுகினால் காட்டில் மற்றொன்று பிடுங்கப்பட ஏதுவாகும்.

விவசாயிகளுக்கு இதனினும் பெரிய நஷ்டம் நாற்றங்காலில் உண்டு. மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுகள் அடித்தண்டு அழுகிச் சாய்வது பித்தியம் என்னும் பூசணத்தால். இவ்வினத்தைப்பற்றிப் பட்லர் என்பார் 1907-ம் வருஷத்திலேயே விரிவாக எழுதினார். நெருக்கமாக விதைத்து, நீரைத் தேக்கி, காற்றை அடைப்பதால் இந்நோய் மிகுகின்றது. மேட்டுப்பாத்தி அமைத்து, விதையைக் கலக்க விதைத்து, நீர் வடியச் செய்தல் வேண்டும். கிலோ விதைக்கு 4 கிராம் டிரைகோடெர்மா விரிடி கலந்து விதைப்பதும் நற்பயன் தரும்.

தொட்டியாயினும் பாத்தியாயினும் விதி ஒன்றே. நோய் கண்டபின் செலவிடும் பணம், வருமுன் செலவிடும் சிறிது கவனத்திற்கு ஈடாகாது. கிராம அதிகாரிகள் இம்முறைகளை விதைப்புக்கு முன்னரே தத்தம் கிராமத்தாருக்கு எடுத்துரைப்பாராக.