பூட்டும் திறவுகோலும்

மாணவர்களில் சிலர் தாமே ஒரு சங்கேத எழுத்தை அமைத்துக்கொண்டு வந்து காட்டுவதுண்டு. "இதை எவராலும் படிக்க முடியாது, சார்" என்பார்கள். எப்படி அமைத்தாய் என்று கேட்டால், "அதைச் சொன்னால் இரகசியம் போய்விடுமே!" என்று பதில் வரும். முறையைச் சொன்னவுடன் போய்விடுகிற இரகசியம் நல்ல இரகசியம் அன்று என்பது என் கருத்து. இராணுவச் செய்திகளுக்கும் இது பொருந்தும்.

பிரான்சில் மொழி ஆசிரியராக இருந்த ஆகுஸ்த் கெர்க்காஃப்ஸ் 1883-லேயே இதைச் சொன்னார். சங்கேத முறை முழுவதும் எதிரிக்குத் தெரிந்துவிட்டாலும் தீங்கு நேரக்கூடாது. திறவுகோல் ஒன்றே இரகசியமாக இருக்கவேண்டும் என்றார். காரணம் எளியது. போர்க்களத்தில் இயந்திரம் பகைவர் கையில் சிக்கலாம். ஆயிரக்கணக்கான இயந்திரங்களை ஒரே இரவில் மாற்ற இயலாது. திறவுகோலையோ நாள்தோறும் மாற்றலாம்.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் பயன்படுத்திய 'எனிக்மா' இயந்திரத்தைப் பார்ப்போம். ஓர் எழுத்தை அழுத்தினால் மின்னோட்டம் மூன்று சுழல் சக்கரங்களின் வழியே சென்று, ஒரு திருப்பு தகட்டில் பட்டு, வேறு வழியாகத் திரும்பி, மற்றோர் எழுத்தின் விளக்கை ஏற்றும். ஒவ்வோர் அழுத்தத்திற்கும் சக்கரம் நகர்வதால் வழியும் மாறும். அதைப் பொருத்தி வைக்கும் வகைகள் ஏறத்தாழ 159-ஐ அடுத்து 18 சுழிகள்! இவற்றுள் ஒன்றுதான் அன்றைய திறவுகோல்.

எனினும் அது உடைந்தது. ஒவ்வொரு செய்தியின் தொடக்கத்திலும் மூன்று எழுத்துகளை இருமுறை அனுப்பும் வழக்கம் இருந்தது. போலந்துக் கணித அறிஞர் மரியன் ரெயெவ்ஸ்கி அதைப் பற்றிக்கொண்டு, பிரெஞ்சு உளவுத்துறை தந்த தாள்களின் துணையுடன், 1932-இல் இயந்திரத்தின் உள் இணைப்புகளைக் கணக்கிட்டே கண்டறிந்தார்.

இன்னொரு குறை அமைப்பிலேயே இருந்தது. போன வழியிலேயே மின்னோட்டம் திரும்ப முடியாதாகையால், 'அ' என்ற எழுத்து ஒருபோதும் 'அ'வாக வெளிவராது. வானிலை அறிக்கை போன்றவற்றில் வழக்கமாக வரும் சொற்களைப் பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க் அறிஞர்கள் ஊகித்தனர். ஊகித்த சொல்லைச் சங்கேதச் செய்தியின் அடியில் வைத்துப் பார்த்து, ஓர் எழுத்தேனும் ஒத்திருந்தால் அந்த இடம் தவறு என்று தள்ளினர். எஞ்சிய இடங்களைச் சோதிக்க, ஆலன் டூரிங் வகுத்த இயந்திரம் 1940 முதல் உதவியது.

நீர்மூழ்கிக் கப்பல்கள் பல மூழ்கியபோது ஜெர்மன் கடற்படை விசாரணை நடத்தியது. எனிக்மாவில் குறையில்லை என்றே முடிவு செய்தது. பெரிய எண்ணின் மீதிருந்த நம்பிக்கைக்கு மாலுமிகள் உயிரை விலையாகத் தந்தனர்.

"முறையையும் சேர்த்து மறைத்தால் இரட்டைப் பாதுகாப்பு அல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். மறைப்பதால் ஓரளவு நன்மை உண்டுதான். ஆனால் மறைத்து வைத்த முறையின் குறையை நண்பர் காண வழியில்லை; பகைவரோ கண்டாலும் சொல்லமாட்டார். இதை உணர்ந்தே அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 1997-இல் புதிய சங்கேத முறைக்கு உலக அறிஞர் அனைவரையும் அழைத்தது. வந்த முறைகளை எல்லாரும் காண வெளியிட்டு, உடைத்துப் பார்க்கச் சொன்னது. தாக்குப்பிடித்தவற்றுள் பெல்ஜிய அறிஞர் இருவரின் முறை 2001-இல் தரமாக ஏற்கப்பட்டது. 2003-இல் அந்நாட்டின் மிக உயர்ந்த இரகசியங்களுக்கும் அதற்கு அனுமதி கிடைத்தது. முறை நூல்களில் உள்ளது. திறவுகோல் மட்டும் இல்லை.

எனவே, மாணவர்களே, சங்கேத எழுத்து ஒன்றை அமைத்தால் முறையை நண்பனிடம் முழுவதும் சொல்லுங்கள். திறவுகோலை மட்டும் மறைத்துக்கொண்டு, உடைக்கச் சொல்லுங்கள். அவன் உடைத்துவிட்டால் வருந்தவேண்டாம். பகைவன் காணுமுன் குறையைக் காட்டியதற்கு நன்றி சொல்லிவிட்டு, மீண்டும் தொடங்குங்கள்.