கைத்தொழில் வளர்ச்சியிற் பெண்கள் பங்கு: பன்விலத் தோட்டங்கள் எழுப்பும் வினா

பெண்களைக் கைத்தொழிலிலும் தொழில்நுட்பத்திலும் பங்குகொள்ளச் செய்வதே அரசின் கொள்கை எனக் கூறப்படும்போதெல்லாம், அவர்கள் இதுவரை கைத்தொழிலுக்குப் புறத்தே நின்றவர்கள் என்னும் எண்ணமும் உடன் வந்து அமர்ந்துகொள்கின்றது. மலையகத்தைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் வரலாற்றுக்கு முற்றிலும் முரணானது. கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் தேயிலைச் செய்கை வணிக முயற்சியாகத் தொடங்கியது. அன்றுதொட்டு வளர்ந்த அப்பெருந்தொழிலுக்கு முதற்கருவியாக அமைந்தவை பெண்ணின் விரல்களே.

2022ஆம் ஆண்டின் தொழிற்படைக் கணக்கெடுப்பின்படி, வேலை செய்யும் வயதுடைய இலங்கைப் பெண்களில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினரே தொழிற்படையில் இருந்தனர்; ஆண்களில் 70 விழுக்காட்டினர். இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டிக் கவலையுறுவோர், தோட்டப்புறப் பெண்களின் பங்குபற்றல் நகர்ப்புறத்தை விட உயர்ந்தே இருந்துவந்துள்ளதை ஏனோ எடுத்துக்காட்டுவதில்லை. பங்குபற்றலே விடுதலையாயின், பன்விலவிலும் மடுல்கலையிலும் கொழுந்தெடுக்கும் பெண்களன்றோ நாட்டின் முன்னேறிய மாந்தராதல் வேண்டும்?

நக்கிள்ஸ் மலைச்சாரலில் விடியற்பொழுதில் ஏறும் அப்பெண் பறித்த கொழுந்து, நிறுவைக்குப் பின் அவள் கையைவிட்டு நீங்குகின்றது. ஆலையினுள்ளே வாட்டுதல், அரைத்தல், நொதிக்கவைத்தல், உலர்த்தல் என அதன் பயணம் தொடர்கின்றது. வெப்பமும் ஈரப்பதமும் நேரமும் கணிக்கப்படும் தொழில்நுட்பம் அங்கேதான் உண்டு. மலையக மக்கள் ஆலை இயந்திரத்துக்கு ரோதைமுனி என்றொரு காவல் தெய்வத்தையே வைத்து வழிபட்டனர். அவ்வளவு மதிப்புக்குரிய இயந்திரத்தின் அருகே பெண்ணுக்கு வழக்கமாக ஒதுக்கப்பட்டவையோ சலித்தலும் காம்பு பொறுக்குதலும். இயந்திரத்தை இயக்குபவனும் ஆண், பழுதுபார்ப்பவனும் ஆண், டீமேக்கரும் ஆண். இரவு வேலை பெண்ணுக்குத் தகாது என்பது இதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. ஆயின் ஆடை ஏற்றுமதிக்குப் பெண்ணின் இரவு தேவைப்பட்டபோது, அது தொடர்பான சட்டக் கட்டுப்பாடுகளை அரசு 1980களில் தளர்த்தத் தயங்கவில்லை. தகாமை இரவில் இல்லை என்பது இதனாற் போதரும்.

அரசு எதுவுமே செய்யவில்லை என்பது வாதமன்று. 1978இல் மகளிர் பணியகம் தோன்றியது. அதே ஆண்டிற் கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயமும் திறக்கப்பட்டது. 1992இல் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் வந்தது. 1993இற் பெண்கள் சாசனம். 2024இற் பெண்களை வலுப்படுத்தும் சட்டம். இவற்றுள் வேலை தந்தவை பெண்ணைத் தையல் இயந்திரத்தின் முன் அமர்த்தின. அவ்வியந்திரத்தை வடிவமைக்கவோ செப்பனிடவோ கற்பிப்பது அவற்றின் நோக்கமாக இருக்கவில்லை. வேண்டப்பட்டது விரல்களின் வேகம், அதுவும் மலிவாக. தோட்டத்து வெள்ளைத்துரை கண்டறிந்த அதே உண்மையை ஏற்றுமதிப் பொருளாதாரம் மீண்டுமொருமுறை கண்டறிந்தது. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் 1984இற் கிடைத்ததற்கும் பணியகத்தின் கருணை காரணமன்று. தொழிற்சங்கங்களின் வேலைநிறுத்தமே காரணம்.

தமிழ்ப் பெண்ணின் ஆற்றலில் ஐயமுறுவோருக்கு விடை வெகு தொலைவில் இல்லை. இலங்கையின் முதற் பெண் பொறியியலாளர் பிரேமளா சிவசேகரம். அவர் 1960களிலேயே அத்துறையிற் காலூன்றியவர். பேராதனைப் பொறியியற் பீடமும் 1964 முதல் பன்விலவுக்கு அண்மையிலேயே இருந்துவருகின்றது. பன்விலவிலிருந்து வத்துகாமம் வழியாகக் கண்டிக்குப் பேருந்து வருகின்றது. ஆயினும் தோட்டத்து லயத்திலிருந்து அப்பீடத்துக்கு வழி இல்லை. உயர்தர வகுப்பிற் கணிதமும் பௌதிகமும் தமிழிற் கற்பிக்கும் பாடசாலைகள் மலையகத்தில் மிகச் சில. தொழிற்பயிற்சி நெறிகளோ பெரும்பாலும் சிங்களத்திலேயே நடைபெறுகின்றன. மொழி தெரியாதவளை வாசலில் நிறுத்திவிட்டு, அவளுக்கு ஆர்வமில்லை என்று அறிக்கை எழுதுவது எவ்வகை நேர்மை?

தோட்டங்கள் 1992இற் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றுவிட்டன, அரசு என் செய்யும் என்பது மற்றொரு சமாதானம். நாட்டின் பிற பகுதிகளுக்கு அது பொருந்தலாம். கண்டி, மாத்தளை மாவட்டங்களிலோ ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ பெருந்தோட்டக் கம்பனி என அரசின் பொறுப்பிலேயே நீடித்த தோட்டங்கள் பல. அங்கே சட்டம் இயற்றுவோனும் வேலை கொள்வோனும் ஒருவனே. முன்மாதிரியாக விளங்கியிருக்கவேண்டிய அத்தோட்டங்கள், தொழிலாளரின் சேமலாப நிதி நிலுவைகளுக்கே பெயர்பெற்றன.

இப்போது கொழுந்து பறிக்கும் பணிக்கும் இயந்திரம் வந்துகொண்டிருக்கின்றது. விரல்களின் தேவை குறையுமிடத்து வேலையிழக்கப் போகின்றவள் யார் என்பதிற் குழப்பமில்லை. அவ்வியந்திரத்தை இயக்கவும் கழற்றிப் பூட்டவும் முதற்பயிற்சி யாருக்கு வழங்கப்படும் என்பதே வினா. அரசத் தோட்டங்களில் அப்பயிற்சி இடங்களிற் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கி, அதனைத் தமிழிலும் நடத்துமாறு பணிப்பதற்குப் புதிய சாசனம் வேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.