தணலில் சுட்ட கோழியும் 'தென்னகம்' என்ற பெயரும்

சாண்ட்விச் செய்வதைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று நகைக்க வேண்டா. ஒரு நாட்டு மக்களை அறிய அவர்தம் நூல்களைப் புரட்டுகிறோம். அவர்தம் அடுப்பை மட்டும் ஏன் மறக்கிறோம்?

சென்ற ஞாயிறன்று, தில்லியில் நாங்கள் மூவர் குடியிருக்கும் வாடகை வீட்டின் மொட்டைமாடியில், அமெரிக்கத் தென் மாநிலங்களின் முறைப்படி கோழி சாண்ட்விச் செய்தோம். "தென்னாட்டு முறை" என்று நான் சொன்னதுதான் தாமதம், "அப்படியானால் சாம்பாரும் உண்டா?" என்றார் உடனுறையும் பஞ்சாபி நண்பர். ஒரு சொல்லுக்குள் எத்தனை மக்களை அடைத்துவிடுகிறோம், பார்த்தீர்களா!

செய்முறை எளிது. எலும்பு நீக்கிய நெஞ்சுக்கறியை ஒரே கனமாகத் தட்டி, உப்பும் பூண்டும் மிளகாய்த்தூளும் கலந்த மோரில் நான்கு மணி நேரம் குளிர்பெட்டியில் ஊறவிட வேண்டும். உப்பு தசைப் புரதங்களைத் தளர்த்தி நீரை உள்ளே நிறுத்துகிறது. மோரின் லாக்டிக் அமிலம் கறியை மென்மையாக்குகிறது. அறிவியல் மாணவன் அல்லவா, சொல்லாமல் இருக்க முடியவில்லை! பின் கரித்தணலில் இருபுறமும் வாட்டி, நடுப்பகுதி 74 பாகை செல்சியஸ் சூடேறியதும் எடுத்து, ஐந்து நிமிடம் ஆறவிட வேண்டும். வெண்ணெய் தடவி வாட்டிய பன்னுக்குள், வினிகரில் ஊறிய வெள்ளரி வில்லைகளோடு வைத்தால் சாண்ட்விச் ஆயிற்று.

ஆனால் செய்முறையோடு நின்றுவிட்டால் பாதிதான் கற்றவர்களாவோம். அந்நிலத்தின் கோழிச் சமையலுக்குப் புகழ் தேடித் தந்தவர்களுள் முதன்மையானோர் கறுப்பின மக்கள். 1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்த பின், வர்ஜீனியாவின் கார்டன்ஸ்வில் நிலையத்தில் கறுப்பினப் பெண்கள் தலையில் தட்டுச் சுமந்து, ரயில் சன்னல் வழியே பொரித்த கோழி விற்றார்கள். அவ்வருவாயில் வீடு வாங்கியோரும் உண்டு. 1910 முதல் 1970 வரை ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பினத்தார் தெற்கை விட்டு வடக்கிலும் மேற்கிலும் குடியேறினர். ரயிலின் உணவுப் பெட்டியில் இடம் மறுக்கப்பட்ட காலம் அது. ஆகவே காலணி வாங்கிய அட்டைப்பெட்டியில் பொரித்த கோழியும் ரொட்டியும் வைத்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள்.

இதைப் படித்தபோது, சென்னையிலிருந்து நான் வந்த வண்டியில் பிரித்து உண்ட அம்மாவின் புளிச்சோறு நினைவுக்கு வந்தது. ஆனால் இரண்டும் ஒன்றாகுமா? நான் கைம்மணத்துக்காகக் கொண்டுவந்தேன். அவர்கள், உட்கார இடமில்லை என்று விரட்டப்பட்டதால் கொண்டுசென்றார்கள். அந்த வேறுபாட்டை மறந்து உறவு கொண்டாடுவது எளிது, நேர்மையன்று.

என் கருத்து இதுதான்: நம் மிளகாயைப் போட்டே செய்யுங்கள், சுவைக்கு வேலி இல்லை. ஆனால் அது யார் கைப்பழக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம்மை எல்லாம் 'மதராசி' என்று ஒரே சொல்லால் அழைக்கும்போது நெஞ்சு உறுத்துகிறதே, அதே பிழையை நாம் பிறர்க்குச் செய்யலாமா?

உண்டபடியே இதை நண்பரிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, தம் கொள்ளுப்பாட்டி 1947-இல் லாகூரிலிருந்து வந்தபோது மறவாமல் கொண்டுவந்த ஊறுகாய்ப் பக்குவத்தைச் சொல்லத் தொடங்கினார். ஓராண்டாக ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் ஒருநாளும் கேட்டதில்லை.

வரும் ஞாயிறு அந்த ஊறுகாய்தான். தோழர்களே, நீங்களும் சமையுங்கள்; பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள்!