புதுக்கோழியை தனியா அடைச்சாச்சு... அது கிளறப்போற மண்ணை யார் பார்க்குறது?

சாயங்கால நேரம். திருவொற்றியூர் தெரு ஒன்றுக்குள் கூடை கட்டிய சைக்கிள் நுழைகிறது. கூடை முழுக்க பச்சை, ரோஸ், ஆரஞ்சு என்று சாயம் பூசிய கோழிக்குஞ்சுகள். பிள்ளைகள் அடம்பிடிக்க, வீட்டுக்கு ரெண்டு, மூணு என்று வாங்கிவிடுகிறார்கள். அட்டைப்பெட்டி, ஒரு கைப்பிடி அரிசி, ராத்திரி வரை கொஞ்சல். மூன்றாம் நாள் காலையில் பெட்டியில் சத்தமே இல்லை. “நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு?”

இன்னொரு வீட்டில் கதை வேறு. ஏற்கெனவே ஆறு கோழி நிற்கிறது. சந்தையிலிருந்து ஒரு வெடக்கோழி வாங்கி வந்து, அன்றைக்கே கூட்டத்தோடு விடுகிறார்கள். பத்தே நாளில் வந்ததும் இல்லை, இருந்ததும் இல்லை.

இரண்டுமே தவிர்க்கக்கூடிய இழப்புகள். வழிமுறைகள் தெரிந்தவைதான். ஆனால், எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் கோழி வளர்ப்பவர்களுக்கு அந்த வழிமுறைகள் சொல்லாத மூன்றாவது சிக்கல் ஒன்று இருக்கிறது. கோழி எங்கிருந்து வந்தது என்று கேட்கிறோம். அது எந்த மண்ணில் மேயப்போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அந்த முட்டையைச் சாப்பிடப்போவது வீட்டுக் குழந்தை என்பதால், இது கோழிப் பிரச்சினை மட்டும் இல்லை.

கலர் குஞ்சு ஏன் செத்துப்போகிறது?

முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குப் பெட்டைகள்தான் வேண்டும். சேவல் முட்டை போடாது. கறிக்காகவும் அந்த இனம் வேகமாக எடை கூடாது. அதனால் பொரிப்பகங்களில் கழித்துவிடப்படும் சேவல் குஞ்சுகள்தான் பெரும்பாலும் சாயம் பூசித் தெருவுக்கு வருகின்றன. வெயிலில் அலைந்து, குளிரில் நடுங்கி, தண்ணீர் இல்லாமல் வந்து சேரும்போதே பாதி உயிர் போயிருக்கும். இதை வாங்கி “முட்டை போடும்” என்று காத்திருப்பவர்கள் இரண்டு முறை ஏமாறுகிறார்கள்.

குஞ்சு வேண்டுமென்றால் இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, வீட்டுக் கோழியையே அடை வைப்பது. 21 நாளில் பொரித்துவிடும். சூடு, காவல், பயிற்சி எல்லாவற்றையும் தாய்க்கோழி பார்த்துக்கொள்ளும். இன்னொன்று, தெரிந்த இடத்தில் வாங்குவது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் வடசென்னையிலேயே, மாதவரம் பால்பண்ணைப் பகுதியில் இருக்கிறது. குஞ்சு எப்போது கிடைக்கும் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போகலாம்.

தாய் இல்லாத குஞ்சுக்கு முதல் தேவை தீனி அல்ல, சூடு. முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வேண்டும். அதன் பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். தெர்மாமீட்டர் இல்லையா? குஞ்சைப் பார்த்தாலே போதும். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக முண்டினால் குளிர்கிறது. மூலையில் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரி. ஒரு விஷயம் கவனம்: எல்இடி பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. பழைய குண்டு பல்புதான் வேண்டும். கத்திரி வெயில் காலத்தில் பகலில் அதையும் அணைத்துவிட வேண்டியிருக்கும்.

பெட்டியில் உமி பரப்பி, முதல் சில நாட்கள் மேலே பேப்பர் விரிக்கலாம். பேப்பரும் உமியும் ஈரமானால் உடனே மாற்ற வேண்டும்; ஈரத்தில்தான் ரத்தக்கழிச்சல் கிளம்பும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டுவைத்தால் குஞ்சு முழுகாது. வெறும் அரிசியும் நொய்யும் வயிற்றை நிரப்பும், வளர்த்தியைத் தராது. முதல் எட்டு வாரங்களுக்குப் புரதம் நிறைந்த குஞ்சுத் தீவனம் அவசியம். பகலில் காக்காய், பருந்து, ராத்திரியில் பூனை. கூடவே வடசென்னையின் நிரந்தரக் குடிமகனான பெருச்சாளி. அதனால், கூண்டின் அடிப்பகுதிக்கும் கம்பிவலை வேண்டும்.

ஒரு குப்பி மருந்து, ஒரு தெரு

வீட்டுக் கோழிகளைக் கூண்டோடு காலி செய்வது வெள்ளைக்கழிச்சல். ஆங்கிலேயர் காலத்தில் குமாவுன் மலையில் இருக்கும் ராணிக்கேத் ஊரில் கண்டறியப்பட்டதால் அந்த ஊர்ப் பெயரே நோய்க்கும் ஒட்டிக்கொண்டது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், மூச்சுத்திணறல், கழுத்துத் திருகல் என்று வரும். வந்த பிறகு மருந்து இல்லை. வருமுன் தடுப்பதுதான் வழி: 7-ம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, நான்காவது வாரத்தில் மறுபடி ஒருமுறை, 8-வது வாரத்தில் ஊசி.

“ஆறு கோழிக்கு எவன் ஊசி போடுவான்?” என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. மருந்துக் குப்பி ஒன்று நூறு கோழிக்கும் மேல் போதும். திறந்தால் ஐஸில் வைத்து சில மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஒரு வீட்டுக்கு இது கட்டுப்படியாகாது. தெருவில் பத்து வீடு சேர்ந்தால் ஒரே காலையில் வேலை முடிந்துவிடும். பக்கத்து வீட்டுக் கோழிக்கு நோய் வந்தால் நம்ம வீட்டுக் கோழிக்கும் வரும் என்பதால், சேர்ந்து போடுவதுதான் அறிவியல்படியும் சரி.

21 நாள் காவல்

வெளியிலிருந்து வரும் கோழி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் குறைந்தது மூன்று வாரம் தனியாக வைக்க வேண்டும். வெள்ளைக்கழிச்சல் கிருமி உள்ளே போய் அறிகுறி காட்ட இரண்டு நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். வாங்கிய அன்று நன்றாக இருந்தது என்பது எதற்கும் சாட்சி இல்லை. நான்கு வாரம் வைத்தால் இன்னும் நல்லது.

காலில் கயிறு கட்டி வாசலில் விடுவது தனிமைப்படுத்தல் ஆகாது. பழைய கோழிகள் வந்து அதே தட்டில் கொத்திவிட்டுப் போகும். தீனித்தட்டும் தண்ணீரும் வேறாக இருக்க வேண்டும். முதலில் பழைய கோழிகளைக் கவனித்துவிட்டு, கடைசியில்தான் புதுக்கோழியிடம் போக வேண்டும். கையைக் கழுவ வேண்டும், செருப்பையும்தான். ஒண்டுக் குடித்தனத்தில் இடம் எங்கே என்றால், மொட்டைமாடி மூலையோ, உறவுக்காரர் வீடோ. அதுவும் முடியாதென்றால், புதுக்கோழி வாங்குவதைத் தள்ளிப்போடுவதே மேல்.

கொத்தினால் பிரித்துவிட வேண்டுமா?

காவல் முடிந்ததும் நேராகக் கூட்டத்தில் விடக்கூடாது. கோழிக் கூட்டத்தில் யார் முதலில் தின்பது, யார் எங்கே அடைவது என்று ஒரு வரிசை உண்டு. நார்வே நாட்டு விலங்கியலாளர் தோர்லெஃப் ஷெல்டெரப் எப்பே 1920-களின் தொடக்கத்தில் இதை விளக்கி எழுதினார். புதுக்கோழி வந்தால் அந்த வரிசை முழுக்கக் கலைந்து, மறுபடி அமைய வேண்டும். அதற்காகத்தான் கொத்து.

முதல் ஒரு வாரம் நடுவில் கம்பிவலை கட்டி, பார்க்க மட்டும் விடலாம். ஒரே ஒரு கோழியைச் சேர்க்காமல் இரண்டாகச் சேர்த்தால் அடி பங்கு பிரிந்துவிடும். இருட்டிய பிறகு, மற்றவை அடைந்திருக்கும்போது பக்கத்தில் உட்கார வைத்தால் காலையில் ரகளை குறையும். தீனித்தட்டு இரண்டு இடத்தில் இருக்கட்டும். வளரும் குஞ்சுகளைப் பெரிய கோழிகளோடு விட அவசரமே வேண்டாம். உடம்பு ஏறக்குறைய அவற்றின் அளவுக்கு வரும்வரை பொறுக்கலாம். லேசான கொத்தும் துரத்தலும் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். ரத்தம் தெரிந்தால் மட்டும் உடனே பிரிக்க வேண்டும். சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகள் அதே இடத்தில்தான் திரும்பத் திரும்பக் கொத்தும்.

இதெல்லாம் சரி... மண்?

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். இனி சொல்வது இந்தப் பகுதிக்கானது.

கோழி மேய்வது என்றால் மண்ணைக் கிளறித் தின்பது. புழு, பூச்சியோடு மண்ணும் உள்ளே போகும். மண்ணில் ஈயம் இருந்தால் அது கோழியின் ரத்தத்துக்கும் எலும்புக்கும் போய், முட்டைக்கும் வந்து சேரும். குப்பையும் பிளாஸ்டிக்கும் எரியும்போது உருவாகும் டையாக்சின் கொழுப்பில் தங்குவது. மஞ்சள் கரு அதற்குத் தோதான இடம். கழுவினாலோ அவித்தாலோ இரண்டுமே போகாது. கூண்டில் நின்று தீவனம் தின்னும் பண்ணைக் கோழிக்கு இந்தச் சிக்கல் குறைவு. “நாட்டுக்கோழி முட்டை, சத்தானது” என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோமே, அந்த மேய்ச்சல்தான் இங்கே வினை ஆகிறது.

ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 55 வீட்டுத் தோட்டங்களில் நடந்த ஆய்வு 2022-ல் வெளியானது. அங்கே வீட்டுக்கோழி முட்டையில் இருந்த ஈயம், கடை முட்டையில் இருந்ததைப்போல சராசரியாக 40 மடங்கு. பழைய பெயின்ட்டும் ஈயம் கலந்த பெட்ரோலும் விட்டுப்போன மண்தான் காரணம். பிரான்ஸில் 2023-ல் பாரிஸ் பெருநகரின் 410 உள்ளாட்சிப் பகுதிகளில் வீட்டு முட்டையைச் சாப்பிட வேண்டாம் என்று சுகாதாரத் துறையே அறிவுறுத்தியது. நம் நாட்டிலும் முன்னுதாரணம் உண்டு. 17 நாடுகளின் வீட்டு முட்டைகளைப் பரிசோதித்த 2005-ம் ஆண்டு சர்வதேச அறிக்கை ஒன்றில், கேரளத்தின் ஏலூர் தொழிற்பேட்டைப் பகுதி முட்டைகளிலும் டையாக்சின் ஐரோப்பிய வரம்பைத் தாண்டியிருந்தது.

ஏலூரை விட இங்கே நிலைமை லேசா? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் ‘மிகக் கடுமையாக மாசுபட்ட’ தொழிற்பகுதிகளைப் பட்டியலிட்டபோது மணலியும் அதில் இருந்தது. அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் செப்பாக்கம் போன்ற ஊர்களைச் சுற்றியும் வருடக்கணக்காகப் படிந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், எண்ணூர் கழிமுகத்தோடு நிற்காமல் குடியிருப்புகளின் சுவரிலும் வாசலிலும் ஒட்டிக்கொண்டது. அந்த வாசலில்தான் கோழி கிளறுகிறது.

அப்போ கோழியே வளர்க்கக் கூடாதா?

அப்படிச் சொல்வது சுலபம், அநியாயமும்கூட. அவசரத்துக்கு ஒரு கோழியை விற்றுப் பள்ளிக்கூடச் செலவைச் சமாளிக்கும் குடும்பங்கள் இங்கே உண்டு. மண்ணைக் கெடுத்தது அவர்கள் இல்லை. வளர்க்கலாம், மண்ணோடு தொடர்பைக் குறைத்து வளர்க்கலாம்.

தீனியைத் தரையில் தூவாமல் தட்டில் வைப்பதே பெரிய மாற்றம். கூண்டுக்குள் உமியோ தென்னைநார்க் கழிவோ ஆழமாகப் பரப்பினால் கிளறும் ஆசையும் தீரும். வயர் எரித்த இடம், குப்பை கொளுத்திய இடம், சாம்பல் கொட்டிய மேடு, பெயின்ட் உதிரும் சுவரோரம் ஆகிய இடங்களில் மேய விடக்கூடாது. கழிமுகத்தில் பிடித்த மீன், நண்டுக் கழிவைத் தீனியாகப் போடாமல் இருப்பது நல்லது. சுண்ணாம்புச் சத்து போதுமான அளவு இருந்தால் உடம்பு ஈயத்தை இழுப்பது குறையும் என்பதால், தீவனக் கடையில் கிடைக்கும் கிளிஞ்சல் தூளைச் சேர்க்கலாம். சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தினமும் இந்த முட்டையையே கொடுக்காமல், கடை முட்டையையும் மாற்றி மாற்றிக் கொடுப்பது புத்திசாலித்தனம். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆனால், மண்ணில் என்ன இருக்கிறது என்று ஒரு குடும்பத்தால் கண்டுபிடிக்க முடியாது. அது அரசின் வேலை. கோழிக்குஞ்சு வழங்கும் திட்டங்கள் கிராமப்புறப் பெண்களை மனதில் வைத்தே போடப்படுகின்றன. கழிச்சல் நோய்த் தடுப்பூசி முகாம் என்றாலும் கிராமம்தான் நினைவுக்கு வருகிறது. எர்ணாவூருக்கும் காட்டுக்குப்பத்துக்கும் அந்த முகாம் தேதி சொல்லி வர வேண்டும். வரும்போது, தெருவுக்கு நாலு முட்டையும் ஒரு பிடி மண்ணும் எடுத்துப்போய் ஈயத்துக்கும் டையாக்சினுக்கும் பரிசோதித்து, முடிவைத் தமிழில் அந்தத் தெருவிலேயே ஒட்ட வேண்டும்.

இதற்கு இப்போது அவசரமும் இருக்கிறது. கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் எரிஉலை அமைக்கும் திட்டத்தை எதிர்த்து 2025-ல் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். புகை பாதுகாப்பானது என்று ஒரு தரப்பும், இல்லை என்று இன்னொரு தரப்பும் சொல்கிறது. உலை வருவதற்கு முன்பே சுற்றுவட்டார முட்டைகளின் நிலையைப் பதிவு செய்துவைத்தால், நாளைக்கு வாய்ச்சண்டைக்கே இடமிருக்காது. புகைபோக்கியில் மாட்டிய கருவி நிறுவனத்தின் கணக்கைச் சொல்லும். வாசலில் மேயும் கோழியின் முட்டை, அந்த வாசலின் கணக்கைச் சொல்லும்.

புதுக்கோழியை நம்பாமல் 21 நாள் அடைத்துவைக்கிறோம். அந்தச் சந்தேகத்தில் பாதியாவது, அதை விடப்போகும் மண்மீதும் வர வேண்டாமா?